அன்ரனிற்றா அக்காவின் கழுத்தில் சாவி

முதலில் என் காதில் விழுந்தது வசவுதான்.

"கோதாரி விழுந்த பெட்டி! இண்டைக்கும் உனக்கு வாய் திறக்க ஏலாதாமோ?"

2005 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை அது. டார்ம்ஸ்டாட்டிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால், ஓடன்வால்ட் காட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கேளிக்கைப் பூங்கா வரும். ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரையும் அவளுடைய ஆறு வயது மகளையும் அங்கே அழைத்துப் போயிருந்தேன். டிக்கெட் வாங்கிய கையோடு குழந்தை, பூங்காவுக்குள் ஓடும் சின்ன ரயிலைப் பார்த்து ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். அங்கே இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெண் குனிந்து நின்றிருந்தார். ஆரஞ்சு நிற மேலங்கி, ஆண்கள் போடும் பெரிய தோல் கையுறை. சிக்கிக்கொண்ட ஓர் இரும்பு ஆணியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த நிமிடம் சிரிப்பு போய்விட்டது. ஆணி கழன்றதும் என்ஜின் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வர ஆரம்பித்தது. இவர் நகரவே இல்லை. தொங்கிக்கொண்டிருந்த இணைப்புக் கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, வருகிற பெட்டியின் இரும்பு வாய்க்குள் நுழைத்தார். இரண்டும் டங்கென்று மோதின. மறு கையால் மேலேயிருந்து ஆணியைப் போட்டார். விரலுக்கும் இரும்புக்கும் நடுவே தீக்குச்சி அளவுகூட இடமில்லை. நான் ரயில் பிரேக் செய்யும் கம்பெனியில் என்ஜினியர். இப்படி நடுவில் நின்று விரலைப் பறிகொடுத்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவள்.

"அக்கா! முதல்ல வெளிய வாங்க! கை போயிடும்!" என்று கத்திவிட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஆர் பிள்ளை நீங்கள்? தமிழோ? கை போகாது. போறதெண்டா ரெண்டு வருசத்துக்கு முதலே போயிருக்கும். வாங்கோ, பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தாறன்."

இப்படித்தான் அன்ரனிற்றா அக்கா எனக்குப் பழக்கமானார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்து, எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்கு வந்தவர். அகதிகள் விடுதி, லாண்டரி, மருத்துவமனைச் சமையலறை என்று சுற்றிவிட்டு, இந்தப் பூங்காவின் ஐஸ்கிரீம் கடைக்கு வந்து சேர்ந்தார். கடைக்கு நேர் எதிரே ரயில் நிலையம். 2003 கோடையில், பெட்டி மாட்டுகிற ஆள் விரல் நுனியை நசுக்கிக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டான். மறுநாள் சனிக்கிழமை, வரிசையில் நூறு குழந்தைகள். அக்கா ஐஸ்கிரீம் கரண்டியைக் கழுவி வைத்தார், கையைத் துடைத்தார், "நான் கொளுவுறன்" என்று தண்டவாளத்தில் இறங்கினார். இறங்கியவர் மறுபடி கடைக்குள் போகவே இல்லை.

அந்த ரயில் ஐம்பதுகளில் செய்தது. நிஜத்தில் டீசல் என்ஜின். ஆனால் நீராவி என்ஜின் மாதிரி தகரப் புகைபோக்கி எல்லாம் வைத்து வேஷம் கட்டியிருந்தார்கள். மொத்தம் ஆறு பெட்டிகள். வார நாட்களில் மூன்று போதும். சனி, ஞாயிறில் கூட்டம் என்பதால் சனிக்கிழமை காலை இன்னும் மூன்றை மாட்ட, அக்கா பாஷையில் கொளுவ, வேண்டும், ஞாயிறு மாலை கழற்ற வேண்டும். பெட்டிகளின் மேல் கரடி, நரி, முள்ளம்பன்றி என்று வரைந்திருந்தது. அக்கா வேறு பெயர் வைத்திருந்தார். ஆணி எப்போதும் சிக்கிக்கொள்ளும் நாலாவது பெட்டியின் பெயர் 'அன்ட்ராக்'. ஜெர்மன் அலுவலகங்களில் கொடுக்கிற விண்ணப்பத்துக்கு அதுதான் பெயர்.

"எத்தின தரம் குடுத்தாலும் எங்கயோ ஒரு இடத்தில இறுகி நிக்கும். அதுதான் இவனுக்கு அந்தப் பேர்," என்றார்.

அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். வாய் ஓயாது. பெட்டியைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், தொத்தலாக இருப்பதாகச் சொல்லி என்னையும் திட்டுவார். ஆனால் அக்டோபர் முடிவு நெருங்கினால் மட்டும் குரல் இறங்கிவிடும். பூங்காவை மூடியதும் வேலை போய்விடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பிராங்பர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் அறை துப்புரவு. ஓர் அறைக்கு இருபத்திரண்டு நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் கேள்வி. அவருடைய கணவர் செல்வராசா ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். "குளிர் காலத்தில வீட்டில நிக்கிறது இவ இல்லை, இவவின்ர இடுப்பு நோவு மட்டும்தான்," என்று சொல்லிச் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார்.

அதன் பிறகு மாதம் இரண்டு சனிக்கிழமை நான் அங்கே போக ஆரம்பித்தேன். அக்காவைப் பார்க்க என்று வீட்டில் சொல்வேன். உண்மையில் அந்த விரல்களைப் பற்றிய கவலை என்னை விடவில்லை. பூங்கா மூடும்வரை நச்சரித்ததில் அவர் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டார். என்ஜின் வரும்போது கம்பியைக் கையால் பிடிப்பதில்லை. ஒரு பழைய காய்கறிப் பலகையை அறுத்துச் செய்த ஆப்பை இரும்பு வாய்க்குள் செருகி, கம்பியை அதன் மேல் படுக்க வைத்துவிட்டு விலகி நிற்பார். வண்டி வந்து மோதி நின்ற பிறகுதான் ஆணி. யோசனை என்னுடையது இல்லை, அவரே கண்டுபிடித்தது. நான் வெறுமனே கத்தினேன், அவ்வளவுதான்.

2006 வசந்தத்தில் என்ஜின் ஓட்டப் புதிதாக வந்தவர் வெர்னர். அறுபத்து நாலு வயது. அரசு ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். பொம்மை ரயிலானாலும் தொப்பியை நேராக வைத்துக்கொண்டுதான் ஏறுவார். எதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பார். நல்ல மனிதர், ஆனால் பிடிவாதம். அவருக்கும் அக்காவுக்கும் வாரா வாரம் சண்டை. அக்கா கூப்பிட்டால் அவர் வர மாட்டார், தள்ளித் தள்ளிப் போவார்.

"உந்த மனிசனுக்கு என்ன விசரோ? வா எண்டுறன், போறார்!"

இரண்டு நிமிடம் நின்று பார்த்ததில் எனக்கு விஷயம் புரிந்தது. அக்கா நம் எல்லோரையும் போல உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை ஆட்டிக் கூப்பிட்டார். ஜெர்மன்காரர்கள் கண்ணுக்கு அது 'தள்ளிப் போ' என்று விரட்டுவது மாதிரி இருக்கும். கூப்பிட வேண்டுமானால் அவர்கள் உள்ளங்கையை மேலே திருப்பித்தான் கூப்பிடுவார்கள். அக்காவிடம் இதை விளக்கினேன். அவர் என் முன்னாலேயே பத்துத் தடவை பழகிப் பார்த்தார்.

"அப்ப, வா எண்டா மேல. தள்ளிப் போ எண்டாத்தான் கீழ. சரி, விளங்கீட்டுது."

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. இரண்டு வாரம் கழித்து வெர்னர் என்னிடம் காப்பி குடித்துக்கொண்டே குறைபட்டார். அந்த அம்மாள் கையை ஆட்டுவது ஒன்றும் புரிவதில்லை என்றார். நம் நாட்டுப் பண்பாட்டை விளக்கக் கிடைத்த வாய்ப்பை நான் விடுவேனா? எங்கள் ஊரில் கை கீழே பார்த்து ஆடினால் 'வா' என்று பொருள், அப்படி ஆட்டினால் நீங்கள் பக்கத்தில் வாருங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் உடனே குறிப்புப் புத்தகத்தை எடுத்து, படம் வரைந்து எழுதிக்கொண்டார்.

அக்காவுக்குச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னதை அக்காவிடம் சொல்லவில்லை. மறந்தே போனேன்.

அந்தக் கோடையில் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து. ஆறு பெட்டியிலும் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடி பறந்தது. வண்டியும் சண்டையில்லாமல் ஓடியது, ஏனென்றால் அக்கா இப்போது ஜெர்மன்காரர் மாதிரி கூப்பிட்டார், வெர்னரும் வந்தார். 'தள்ளிப் போ' என்று சொல்லவேண்டிய தேவை ஒரு மாதமாக வரவில்லை. ஜூலை முதல் சனிக்கிழமை வந்தது. அன்ட்ராக் வழக்கம் போல மக்கர் செய்தது. பெட்டிகள் மோதி நின்றுவிட்டன, ஆணி பாதியில் சிக்கிவிட்டது. அக்கா நடுவே போய் ஒரு கையை இரும்பு வாய்க்குள் வைத்து ஆணியை அசைத்தார். கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் எடுத்துவிடலாம். மறு கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, தள்ளிப் போ என்று ஆட்டினார். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே.

வெர்னர், நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, வந்தார்.

டங்கென்ற சத்தம் கேட்டது, அக்காவின் குரலும் கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா கையை உருவிக்கொண்டு வெளியே விழுந்தார். கையுறை மட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. வெர்னர் அலறிக்கொண்டு என்ஜினை இழுத்தபோது அது கீழே விழுந்தது. இரண்டு விரல்களின் நுனி காகிதம் போல நசுங்கியிருந்தது. ஆண்கள் அளவுக் கையுறை என்பதால் அந்த நுனிகளில் அக்காவின் விரல் இல்லை. அந்த அளவில்தான் தப்பித்தார்.

அக்கா தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து விரல்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். "மாதாவே," என்றார். வெர்னர் வெளுத்துப் போய்க் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டி, "கீழே ஆட்டினால் வா! இங்கே எழுதியிருக்கிறேன்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, அஞ்சு நிமிசத்துக்கு என்னோட கதைக்காதேங்கோ."

சரியாக ஐந்து நிமிடம் ஆனது. பிறகு எழுந்து, நேராக என்ஜினுக்குப் போய், அதன் சாவியைப் பிடுங்கினார். என்ஜின் நின்றது. சாவியில் கோத்திருந்த நாடாவைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இனிக் கை காட்டுறதும் வேண்டாம், விசில் ஊதுறதும் வேண்டாம். நான் உள்ளுக்க நிக்கேக்க திறப்பு என்ர கழுத்தில இருக்கோணும். வெளியில வந்த பிறகுதான் குடுப்பன். இதை அவருக்கு ஜெர்மன்ல வடிவாச் சொல்லுங்கோ. கூட்டிக் குறைச்சுச் சொல்லாதேங்கோ."

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெர்னருடைய முகம் சிவந்துவிட்டது. தவறு நடந்ததற்கு அவர் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்கத் தயார். ஆனால் சாவி? முப்பத்தெட்டு வருடத்தில் ஓட்டுநர் சாவியை யாரிடமும் கொடுத்ததில்லை, ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்தவரிடமா கொடுப்பேன் என்றார். அக்காவுக்கு அந்த ஜெர்மன் நன்றாகவே புரிந்தது.

"அப்ப அவரே வந்து கொளுவட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பூங்காவின் முதலாளி லிண்ட்னர் அம்மாள் ஓடி வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே மந்திரம் 'சீக்கிரம்'. குழந்தைகள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம். மணி பத்தாகப் போகிறது, சீக்கிரம். இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில், பத்து மணிக்கு வண்டி கிளம்பினால் போதும், சாவி யார் கழுத்தில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்றார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அக்கா ஒரு மணி நேரம் முன்னதாகவே வர ஆரம்பித்தார்.

வெர்னர் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார். பிடுங்கி என்ஜின் படியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா வண்டியின் நீளம் முழுக்க நடந்து போய் எடுத்து, கழுத்தில் மாட்டி, திரும்ப நடந்து வந்து ஆப்பு வைப்பார். மறுபடி போய்ச் சாவியைப் படியில் வைப்பார். வண்டி வந்து மோதியதும் மறுபடி சாவிக்காக நடப்பார், ஆணி போடுவார். மூன்று பெட்டி கொளுவ ஆறு தடவை. எனக்குப் பார்த்துப் பார்த்துக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த மனிதர் நாலு அடி எடுத்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நான் பண்ணிய தப்புக்குப் பரிகாரமாக, யாரும் நடுவே போகாமலே தானாக மாட்டிக்கொள்ளும் ஓர் இணைப்பை வரைந்தேன். மூன்று மாதம், இரண்டு பட்டறை, எண்ணற்ற ஞாயிற்றுக்கிழமைகள். அக்டோபரில் சோதனை ஓட்டம். கடைசிப் பெட்டியில் என் கணவர் ஸ்ரீநிவாஸை உட்கார வைத்தேன். வண்டி அழகாகக் கிளம்பியது. குளத்தோரத்து வளைவில் என் இணைப்பு அழகாகக் கழன்றது. ஐந்து பெட்டிகள் போய்விட்டன. ஆறாவது, வாத்துகளுக்கு நடுவே, ஸ்ரீநிவாஸோடு நின்றது. அவர் அங்கிருந்து கையை ஆட்டினார். அது 'வா'வா, 'போ'வா என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா சிரித்த சிரிப்பில் வெர்னரும் சிரித்துவிட்டார். "உங்கட எஞ்சினியரிங் வாத்துக்கு நல்லம், பிள்ளை. எங்களுக்கு ஆணியே போதும்."

சிரிப்பு அன்று மாலையோடு சரி. லிண்ட்னர் அம்மாள் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். பழைய ரயிலின் அனுமதி முடிகிறது. மார்ச்சில் ஆய்வாளர் வருவார். அனுமதி கிடைத்தால் ரயில் இருக்கும், வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆளும் வேண்டும், கோடையில் கொளுவ, குளிர்காலத்தில் பழுது பார்க்க, வண்ணம் அடிக்க. கிடைக்காவிட்டால் ரயிலை விற்றுவிட்டு டயர் வண்டி வாங்குவார். அதில் பெட்டிகள் நிரந்தரமாகவே ஒட்டியிருக்கும்.

"அதுக்குக் கொளுவ ஆள் தேவையில்லை," என்று அக்கா எனக்கு மெதுவாகச் சொன்னார். எனக்குப் புரியாதது போல.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் ஹோட்டல் வாசலில் அவரைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "நிரந்தர வேலை கிடைச்சா, பிள்ளை, நான் அந்த அன்ட்ராக்குக்கு மூண்டு பூச்சுப் பெயிண்ட் அடிப்பன். இந்த ஹோட்டல் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டன்." அவர் இவ்வளவு ஆசையாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

மார்ச் முடிவு வந்தது; ஆய்வு முடிந்த மறுநாள் பூங்கா திறப்பதாக இருந்தது. ஆய்வுக்கு முந்தைய நாள் லிண்ட்னர் அம்மாள் அக்காவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். நாளை ஒருநாள் சாவி விளையாட்டு வேண்டாம், நேரமும் ஆகிறது, எங்கள் ஓட்டுநரை நாங்களே நம்பாதது மாதிரியும் இருக்கிறது. அக்கா தலையாட்ட மறுத்தார். சாவியில்லாமல் உள்ளே போக மாட்டேன், வேண்டுமானால் வாயைத் திறக்க மாட்டேன், யாரையும் திட்ட மாட்டேன், மாதா மேல் சத்தியம் என்றார். முதலாளி பெருமூச்சு விட்டார். வேலை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆய்வாளர் ஹாபர்மன் உயரமான மனிதர், கறுப்பு மேல்கோட்டு, கையில் அட்டை. நான் அன்று லீவு போட்டுவிட்டு ஐஸ்கிரீம் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அக்கா கடைசி மூன்று பெட்டிகளைக் கொளுவினார். நடந்தார், சாவி, ஆப்பு, நடந்தார், சாவி, ஆணி. வாயைத் திறக்கவில்லை. அன்ட்ராக் சிக்கியபோதுகூட உதட்டைக் கடித்துக்கொண்டாரே தவிர, ஒரு சொல் வரவில்லை. இருபத்தாறு நிமிடம் ஆனது. லிண்ட்னர் அம்மாள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. ஆய்வாளர் அட்டையில் எழுதிக்கொண்டார். பிரேக் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், எல்லாம் சரி. காப்பி குடிக்கலாம் என்று முதலாளி அழைத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஹாபர்மன் இரண்டு அடி நடந்தார், நின்றார். எதையோ கவனித்தவர் போலத் திரும்பி, மூன்றாவது பெட்டிக்கும் நாலாவதுக்கும் நடுவே நுழைந்து குனிந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெர்னர் உள்ளே உட்கார்ந்திருந்தார். சாவி என்ஜினிலேயே இருந்தது.

"வெளியே வா!" என்று ஜெர்மனில் ஒரு கத்தல். "உனக்குத்தான் சொல்கிறேன், உடனே வெளியே வா!"

அக்காதான். அதிகாரியை ஒருமையில். கத்தியதோடு நிற்கவில்லை, ஓடிப் போய் அவருடைய மேல்கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தே விட்டார். அட்டை சேற்றில் விழுந்தது. லிண்ட்னர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டிருப்பேன், ஆனால் முடியவில்லை.

ஆய்வாளர் கோட்டைச் சரி செய்தார். "வண்டி நிற்கிறது, அம்மா. நான் இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன்," என்றார்.

"இருபது வருடம், சரி. சாவி எங்கே?"

அவர் என்ஜின் பக்கம் திரும்பினார். என்ஜினின் சத்தம் நின்றது. வெர்னர் கீழே இறங்கினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, இறங்குவதே சிரமம். தொப்பியைச் சரி செய்துகொண்டு, மூன்று பெட்டி நீளம் நடந்து வந்தார். ஜூலையிலிருந்து படியிலேயே வைத்துவந்த சாவியைத் தன் கையாலேயே நாடாவை விரித்து அக்காவின் கழுத்தில் போட்டார். பிறகு ஆய்வாளரைப் பார்த்து, "இப்போது போகலாம், ஐயா," என்றார்.

ஹாபர்மன் உள்ளே போனார். ஒரு பற்றவைப்பைத் தடவிப் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார். வெளியே வந்து, அட்டையைத் துடைத்து, முதலாளியோடு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா அன்ட்ராக் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து அழுதார். "என்ர வாயாலயே கெட்டன், பிள்ளை. சத்தியம் பண்ணிப்போட்டுக் கத்தினன். அந்த மனிசன்ர கொலரையும் பிடிச்சன். இனி எனக்கு அந்த ஹோட்டல்தான்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெர்னர் பெட்டிக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொறுக்க முடியாமல் நான் எழுந்து அலுவலகத்துக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை, ஒட்டுக்கேட்டேன். வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

"அனுமதி தருகிறேன், இரண்டு நிபந்தனை," என்றார் ஹாபர்மன். "கொளுவும்போதும் கழற்றும்போதும் சாவி கொளுவுகிறவரிடம் இருக்க வேண்டும். இதற்கென்று வருடம் முழுக்கப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும், பெயரோடு."

"ஆள் தேடச் சொல்கிறேன்," என்றார் லிண்ட்னர் அம்மாள். "பயிற்சி முடித்தவராக, சான்றிதழோடு..."

"தேட வேண்டாம். பெயரை எழுதிவிட்டேன். அவர் போனால் அனுமதியும் போகும்."

நான் ஓடிய ஓட்டத்தில் வழியில் ஒரு குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். மூச்சு வாங்கச் சொன்னதை அக்கா நம்பவில்லை. மறுபடி சொன்னேன். வெர்னரிடம் ஜெர்மனில் சொன்னேன். அவர் அக்காவிடம் அவருடைய ஜெர்மனில் சொன்னார். அப்போதுதான் நம்பினார். அழுதுகொண்டே சிரித்தார், என்னைக் கட்டிக்கொண்டார். "கொலரைப் பிடிச்சதுக்கு அந்த மனிசனிட்ட மன்னிப்புக் கேக்கோணும்," என்றார். "ஆனா கத்தினதுக்குக் கேக்க மாட்டன்."

லிண்ட்னர் அம்மாள் ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. நிரந்தர வேலை, இங்கே கையெழுத்து என்று காட்டினார். அக்கா தாளைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கோ. நாளைக்கு மூண்டு பெட்டிதான் ஓடும். மிச்சத்தைக் கழற்றிப்போட்டு வாறன்." ஜெர்மனில் அதையே இன்னும் சுருக்கமாக முதலாளியிடம் சொன்னார்.

அக்கா தண்டவாளத்தில் இறங்கினார். வெர்னர் என்ஜினுக்கும் அக்காவுக்கும் நடுவே மூன்று தடவை நடந்தார், மூன்று தடவையும் சாவியை அவர் கழுத்தில் போட்டார், திரும்ப வாங்கிக்கொண்டு போனார். பதினெட்டு நிமிடம் ஆனது. லிண்ட்னர் அம்மாள் ஒப்பந்தம் நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, மழையில் நின்று, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். ஒரு தடவைகூடச் சீக்கிரம் என்று சொல்லவில்லை.